புதிய ஏற்பாட்டில் இயேசுவின் இறைத்தன்மை

புதிய ஏற்பாட்டில் இயேசுவின் இறைத்தன்மை என்பது, கிறித்தவத் திருநூலாகிய விவிலியத்தின் இரண்டாம் பகுதி நாசரேத்து இயேசுவைக் கடவுளோடு எவ்வகையில் இணைத்துக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் கருப்பொருள் ஆகும். இயேசு முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்பது கத்தோலிக்க, கிழக்கு மரபுவழி, சீர்திருத்தத் திருச்சபைகளின் பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை 325ஆம் ஆண்டின் நைசியா சங்கத்திலும் 451ஆம் ஆண்டின் கால்சிதோன் சங்கத்திலும் வரையறைச் சொற்களில் அமைக்கப்பட்டது. புதிய ஏற்பாட்டு நூல்களில் பெரும்பாலானவை அவற்றுக்கு நெடுங்காலம் முன்பே, கி.பி. 50 தொடங்கி கி.பி. 100ஐ ஒட்டிய காலப்பகுதிக்குள் எழுதப்பட்டவை. அவை திருமுகங்கள், வரலாறுகள், காட்சிகள் ஆகிய வடிவங்களில் அமைந்தவை. இயேசுவின் தன்மை பற்றிய முறையான இலக்கணம் எதையும் அவை தருவதில்லை.

"கடவுள்" என்னும் சொல் இயேசுவுக்கு நேரடியாக வழங்கப்படும் இடங்கள் புதிய ஏற்பாட்டில் மிகச் சிலவே. அவற்றிலும் பல, நிறுத்தற்குறியையோ கையெழுத்துப்படி வேறுபாட்டையோ பொறுத்துப் பொருள் மாறக்கூடியவை. ஆனால் புதிய ஏற்பாடு இயேசுவின் இறைத்தன்மையை அச்சொல்லை மட்டும் கொண்டு உணர்த்தவில்லை. இஸ்ரயேலின் ஒரே கடவுளுக்கு மட்டும் உரியனவாகக் கருதப்பட்ட பெயர், செயல், வழிபாடு, அரியணை ஆகியவற்றை இயேசுவுக்கும் உரியனவாகக் காட்டுவதே அதன் முதன்மையான வழி எனலாம்.

பின்னணி: மெசியாவும் ஒரே கடவுளும்

"மெசியா" என்னும் எபிரேயச் சொல்லுக்கு "அருள்பொழிவு பெற்றவர்" அல்லது "எண்ணெய் பூசப்பட்டவர்" என்பது பொருள். "கிறிஸ்து" என்பது அதன் கிரேக்க மொழிபெயர்ப்பு ஆகும். பண்டைய இஸ்ரயேலில் அரசர்களும் குருக்களும் எண்ணெய் பூசித் திருநிலைப்படுத்தப்பட்டனர். யூதரல்லாத பாரசீக மன்னர் சைரசும் கூட எசாயா 45:1இல் இப்பெயரால் குறிக்கப்படுகிறார். எனவே ஒருவரை மெசியா என்று அழைப்பது அவரைக் கடவுள் என்று அழைப்பதாகாது. தாவீதின் மரபில் தோன்றி மக்களை மீட்கும் மனித அரசர் ஒருவரையே முதல் நூற்றாண்டு யூதர்களில் பலர் எதிர்நோக்கியிருந்தனர்.

"கடவுளின் மகன்" என்னும் தொடரும் தொடக்கத்தில் அரசரைக் குறித்ததே. 2 சாமுவேல் 7:14, திருப்பாடல் 2:7 ஆகிய இடங்களில் தாவீதின் மரபைச் சார்ந்த அரசர் கடவுளின் மகனாகப் பேசப்படுகிறார். எனினும் எபிரேயத் திருநூலில் அரச உருவம் வழக்கத்தை மிஞ்சி உயரும் சில இடங்களும் உள்ளன. திருப்பாடல் 45:6 அரசரைக் கடவுள் என விளிப்பதாக வாசிக்கத்தக்கது. எசாயா 9:6 பிறக்கவிருக்கும் அரச மகவுக்கு வலிமைமிகு இறைவன் என்னும் பெயரைச் சூட்டுகிறது. திருப்பாடல் 110:1 ஓர் ஆண்டவரைக் கடவுளின் வலப்புறத்தில் அமர்த்துகிறது. தானியேல் 7:13-14இல் மானிட மகன் போன்ற ஒருவர் மேகங்களின்மீது வந்து முடிவில்லாத ஆட்சியைப் பெறுகிறார். பின்னாளில் இப்பகுதிகள் அனைத்தும் இயேசுவைப் பற்றியனவாக வாசிக்கப்பட்டன. புதிய ஏற்பாட்டில் மிகுதியாக எடுத்தாளப்படும் பழைய ஏற்பாட்டு வசனம் திருப்பாடல் 110:1 ஆகும்.

மறுபுறம், யூத சமயத்தின் அடிப்படை ஒரே கடவுள் நம்பிக்கை ஆகும். ஆண்டவர் ஒருவரே என்று கூறும் இணைச்சட்டம் 6:4ஐ யூதர் நாள்தோறும் ஓதினர். படைப்பு, முடிவான தீர்ப்பு, பாவ மன்னிப்பு, வழிபாடு பெறும் உரிமை ஆகியவை அக்கடவுளுக்கே உரியன. முதல் கிறித்தவர்களும் யூதர்களே. பல தெய்வங்களுள் ஒருவராக இயேசுவைச் சேர்த்துக்கொள்ளும் வழி அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. இந்தச் சிக்கலுக்குள் நின்றே புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் எழுதினர்.

பவுலின் திருமுகங்கள்

புதிய ஏற்பாட்டு வரிசையில் நற்செய்திகள் முதலில் இடம்பெற்றாலும், காலத்தால் முந்தியவை பவுலின் திருமுகங்களே. அவற்றுள் முதலாவதாகப் பரவலாகக் கருதப்படும் 1 தெசலோனிக்கர் ஏறத்தாழ கி.பி. 50இல், அதாவது இயேசு இறந்த சுமார் இருபது ஆண்டுகளில் எழுதப்பட்டது.

பவுல் இயேசுவுக்கு வழங்கும் முதன்மைப் பட்டம் "கிரியோஸ்" என்பதாகும். ஆண்டவர், தலைவர், எசமானர் எனப் பல பொருள்களில் கிரேக்கத்தில் இச்சொல் வழங்கியது. யூதர் தம் கடவுளின் நான்கெழுத்துப் பெயரை உச்சரிப்பதைத் தவிர்த்து அதற்கு ஈடாகப் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லும் இதுவே. பழைய யூதக் கிரேக்கச் சுருள்கள் சிலவற்றில் இப்பெயர் எபிரேய எழுத்துகளிலேயே எழுதப்பட்டிருந்தது. எனினும் பவுல் தம் மேற்கோள்களில் கிரியோஸ் என்றே எழுதுகிறார். இதன் விளைவைப் பின்வரும் மூன்று இடங்களில் தெளிவாகக் காணலாம்.

- உரோமையர் 10:9-13: ஆண்டவரின் பெயரைக் கூவி அழைப்போர் மீட்படைவர் என்னும் யோவேல் 2:32 இறைவனைப் பற்றியது. பவுல் அதை இயேசுவை ஆண்டவர் என அறிக்கையிடுவதோடு இணைக்கிறார்.
- 1 கொரிந்தியர் 8:6: இணைச்சட்டம் 6:4இல் உள்ள "கடவுள்", "ஆண்டவர்" ஆகிய இரு சொற்களைப் பவுல் பிரித்து, முன்னதைத் தந்தைக்கும் பின்னதை இயேசு கிறிஸ்துவுக்கும் உரியதாக்குகிறார். அனைத்தும் தந்தையிடமிருந்து வந்தன என்றும் இயேசு வழியாக உண்டாயின என்றும் கூறுவதால், இயேசு படைப்பின் பக்கத்தில் அல்லாமல் படைத்தவரின் பக்கத்தில் வைக்கப்படுகிறார்.
- பிலிப்பியர் 2:6-11: கடவுளின் வடிவில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் வடிவை ஏற்றுச் சிலுவைச் சாவு வரை தாழ்ந்தார் என்றும், எனவே கடவுள் அவரை மிகவும் உயர்த்தினார் என்றும் இப்பகுதி கூறுகிறது. முழங்கால் அனைத்தும் தமக்கு முன் மண்டியிடும் என்று எசாயா 45:23இல் இறைவன் தம்மைக் குறித்துக் கூறுவது இங்கு இயேசுவுக்கு உரியதாகிறது. இது பவுலுக்கு முன்பே வழிபாட்டில் பாடப்பட்ட பாடலாக இருக்கலாம் என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

1 கொரிந்தியர் 16:22இல் "மரானாத்தா" என்னும் அரமேயச் சொல் மொழிபெயர்க்கப்படாமலேயே இடம்பெறுகிறது. ஆண்டவரை வருமாறு வேண்டுவதாக இது பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது. அரமேயம் இயேசுவும் அவருடைய முதல் சீடர்களும் பேசிய மொழி. கிரேக்கம் பேசிய கொரிந்து நகரினருக்கு எழுதிய மடலில் இச்சொல் அப்படியே நிற்பது, இயேசுவை நோக்கிய வேண்டுதல் அரமேயம் பேசிய தொடக்கச் சமூகத்திலேயே தோன்றிவிட்டது என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

பவுலின் பெயரில் அமைந்த கொலோசையர் திருமுகம் இயேசுவைக் கட்புலனாகாத கடவுளின் சாயல் என்றும் (1:15), இறைத்தன்மையின் முழு நிறைவும் அவருள் உடலுருவில் குடிகொண்டுள்ளது என்றும் (2:9) கூறுகிறது.

மாற்கு, மத்தேயு, லூக்கா

முதல் மூன்று நற்செய்திகளில் இயேசு தம்மைக் கடவுள் என்று எங்கும் அறிவிப்பதில்லை. அவருடைய செயல்களைக் காட்டி, கேள்வியை வாசகரிடமே விட்டுவிடுவது இந்நற்செய்திகளின் முறையாகும்.

மாற்கு 2:1-12இல் முடக்குவாதமுற்றவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதாக இயேசு கூறுகிறார். கடவுள் ஒருவரே பாவங்களை மன்னிக்க வல்லவர் என்பது மறைநூல் அறிஞரின் மறுப்பு. இயேசு அந்தக் கொள்கையை மறுக்கவில்லை. தமக்கு அந்த அதிகாரம் உண்டு என நோயாளியை எழுந்து நடக்கச் செய்து காட்டுகிறார். மாற்கு 4:35-41இல் அவர் புயலை அடக்கியபோது, காற்றும் கடலும் கீழ்ப்படியும் இவர் யார் எனச் சீடர்கள் தமக்குள் கேட்டுக்கொள்கின்றனர். கதை விடை தராமல் அங்கேயே முடிகிறது. கடலின் கொந்தளிப்பை அடக்குபவர் இறைவனே என்பது திருப்பாடல் 107:23-30ஐ அறிந்தவர்க்குத் தெரிந்த செய்தி. அதுபோலவே, கடல் அலைகளின்மீது நடப்பவர் கடவுள் என யோபு 9:8 கூறுகிறது. மாற்கு 6:45-52இல் இயேசு கடல்மீது நடந்து வருகிறார்.

மாற்கு 14:61-64இல் தலைமைக் குரு இயேசுவை விசாரிக்கிறார். மெசியாவா என்ற கேள்விக்கு இயேசு ஆம் என்கிறார். அத்துடன் திருப்பாடல் 110:1, தானியேல் 7:13 ஆகிய இரண்டையும் இணைத்து, மானிட மகன் வல்லவரின் வலப்புறம் வீற்றிருப்பதைக் காண்பீர்கள் என்கிறார். தலைமைக் குரு தம் உடையைக் கிழித்து, அதை இறைப்பழிப்பு என அறிவிக்கிறார். மெசியா எனக் கோருவது மட்டும் இறைப்பழிப்பு ஆகாது என்பதால், கடவுளின் அரியணையில் பங்கு கோரியதே குற்றமாகக் கொள்ளப்பட்டது என்பது ஒரு முக்கிய விளக்கம்.

மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்தில் "இம்மானுவேல்" (கடவுள் நம்மோடு) என்னும் பெயர் இயேசுவுக்கு உரியதாகிறது (1:23). உலக முடிவு வரை நான் உங்களுடன் இருப்பேன் என்னும் பொருள்பட இயேசு கூறுவதோடு அந்நூல் முடிகிறது (28:20). நூலின் இரு முனைகளும் ஒரே கருத்தால் இணைக்கப்பட்டிருப்பதை இங்குக் காணலாம். சீடர்கள் இயேசுவை வணங்குவதாகவும் மத்தேயு கூறுகிறார் (14:33, 28:17). இங்குள்ள கிரேக்க வினைச்சொல் அரசர் முன் பணிவதையும் குறிக்கும் என்பதால் அச்சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஆனால் கடவுளை மட்டுமே பணிய வேண்டும் என அலகைக்கு இயேசு விடையளிக்கும் மத்தேயு 4:10இலும் இதே வினைச்சொல் வருவது கருதத்தக்கது.

லூக்கா 1:35இல் இயேசுவின் கடவுள்-மகன் நிலை அவர் தூய ஆவியால் கருவில் உருவானதோடு தொடர்புபடுத்தப்படுகிறது. தந்தையை மகனன்றி வேறெவரும் அறியார் என்னும் கூற்று மத்தேயு 11:27, லூக்கா 10:22 ஆகிய இரண்டிலும் இடம்பெறுகிறது.

யோவான் நற்செய்தி

நான்காம் நற்செய்தியே இயேசுவின் இறைத்தன்மையை மிக வெளிப்படையாகப் பேசுகிறது. தொடக்க நூலின் முதற் சொற்களை நினைவூட்டித் தொடங்கும் இந்நூல், "லோகோஸ்" எனப்படும் வாக்கு தொடக்கத்திலேயே கடவுளோடு இருந்ததாகவும் கடவுளாக இருந்ததாகவும் கூறி (1:1), அவ்வாக்கு மனிதர் ஆனதாக அறிவிக்கிறது (1:14).

யோவான் 1:1இன் இலக்கணம் நீண்ட விவாதத்துக்கு உரியது. இவ்வசனத்தில் தந்தையைக் குறிக்கும் "தியோஸ்" (கடவுள்) என்னும் சொல்லுக்கு முன் கிரேக்கச் சுட்டிடைச்சொல் உண்டு. வாக்கைப் பற்றிக் கூறும் இடத்தில் அது இல்லை. இதனை அடிப்படையாகக் கொண்டு, 1950இல் வெளியான யெகோவாவின் சாட்சிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு வாக்கை ஒரு கடவுள் என்னும் பொருளில் பெயர்த்தது. கிரேக்கத்தில் பயனிலைப் பெயர் வினைக்கு முன் வரும்போது சுட்டிடைச்சொல் பெரும்பாலும் நீங்கிவிடும் என 1933இல் கோல்வெல் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். சுட்டிடைச்சொல் இல்லாமை வாக்கின் தன்மையைக் குறிக்கிறது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம் ஆகும். அதாவது, வாக்கு தந்தையே அல்லர். ஆனால் தந்தை எத்தகையவரோ அத்தகையவர்.

இந்நூலில் இயேசு "எகோ எய்மி" என்னும் தொடரைப் பயனிலை இன்றித் தனித்தும் பயன்படுத்துகிறார். இருக்கிறவர் நானே என்னும் பொருளை இது தரும். எசாயா 43:10இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் இறைவன் தம்மைக் குறிக்கப் பயன்படுத்தும் தொடரும் இதுவே. ஆபிரகாம் பிறப்பதற்கு முன்பே தாம் இருப்பதாக இத்தொடரால் இயேசு கூறியதும், கேட்டவர்கள் கல்லெறிய முற்படுகின்றனர் (8:58-59). அவர் தம்மைக் கடவுளுக்கு இணையாக்குகிறார் என்னும் குற்றச்சாட்டு 5:18, 10:33 ஆகிய இடங்களிலும் வருகிறது. 10:34-36இல் இயேசு திருப்பாடல் 82:6ஐ எடுத்துக்காட்டி விடையளிக்கிறார்.

நூலின் இறுதியை ஒட்டி, உயிர்த்த இயேசுவைக் கண்ட தோமா அவரைத் தம் ஆண்டவராகவும் தம் கடவுளாகவும் அறிக்கையிடுகிறார் (20:28). முதல் வசனத்தில் ஆசிரியர் கூறியதை இறுதியில் ஒரு சீடரின் வாய்மொழியாகவும் கேட்கும்படி இந்நற்செய்தி அமைக்கப்பட்டுள்ளது.

எபிரேயரும் திருவெளிப்பாடும்

எபிரேயர் திருமுகத்தின் முதல் அதிகாரம் மகனை வானதூதர்களோடு ஒப்பிட்டு, அவர்களுக்கு மேலானவராகக் காட்டுகிறது. திருப்பாடல் 45:6இல் அரசரை நோக்கிய விளியை மகனுக்கும் (1:8), உலகைப் படைத்த இறைவனை நோக்கிய திருப்பாடல் 102:25-27ஐ மீண்டும் மகனுக்கும் (1:10-12) இத்திருமுகம் உரியதாக்குகிறது. அதே திருமுகம் இயேசு சோதிக்கப்பட்டதையும் (4:15), கண்ணீர் சிந்தி மன்றாடியதையும் (5:7) வேறெந்தத் திருமுகத்தையும் விட அழுத்தமாகக் கூறுகிறது.

திருவெளிப்பாடு நூலில் வழிபாடே அளவுகோல் ஆகிறது. காட்சி காணும் யோவான் வானதூதர் முன் இருமுறை விழுகிறார், இருமுறையும் கடவுளையே வணங்குமாறு தடுக்கப்படுகிறார் (19:10, 22:8-9). ஆனால் ஆட்டுக்குட்டியாக உருவகிக்கப்படும் இயேசுவை அனைத்துப் படைப்பும் கடவுளோடு சேர்த்துப் போற்றும்போது தடை ஏதும் எழவில்லை (5:13-14). அகரமும் னகரமும் என்னும் பொருள்படும் "ஆல்பா, ஒமேகா" என்ற பெயர் 1:8இல் கடவுளுக்கும் 22:13இல் இயேசுவுக்கும் உரியதாக வருகிறது. 22:3-4இல் கடவுள், ஆட்டுக்குட்டி என இருவரையும் கூறி, அவர்களுக்கு ஒரே அரியணையை உரியதாக்கிய பின், ஊழியர் வழிபடுவது ஒருமைச் சொல்லால் குறிக்கப்படுகிறது.

"கடவுள்" என்னும் சொல் வரும் இடங்கள்

கத்தோலிக்க விவிலிய அறிஞர் ரேமண்ட் பிரவுன் 1965இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், புதிய ஏற்பாடு இயேசுவைக் கடவுள் என அழைக்கிறதா என்னும் கேள்வியை ஆராய்ந்தார். மூன்று இடங்களில் அது தெளிவு என்றும், மேலும் ஐந்து இடங்களில் அவ்வாறு இருக்க வாய்ப்புண்டு என்றும் அவர் முடிவு செய்தார்.

தெளிவானவை: யோவான் 1:1, யோவான் 20:28, எபிரேயர் 1:8-9.

வாய்ப்புள்ளவை:

- யோவான் 1:18: சில படிகளில் "ஒரே மகன்" என்றும், சிலவற்றில் "ஒரே கடவுள்" எனப் பொருள்படும் தொடரும் உள்ளன. பிந்தைய பாடம் மிகப் பழைய பாப்பிரசுப் படிகளான பா66, பா75 ஆகியவற்றில் காணப்படுகிறது.
- உரோமையர் 9:5: பழங்காலக் கையெழுத்துப்படிகளில் நிறுத்தற்குறிகள் முறையாக இடப்படவில்லை. "கிறிஸ்து" என்னும் சொல்லை அடுத்துக் காற்புள்ளி இட்டால் கிறிஸ்துவே கடவுள் எனப்படுகிறார். முற்றுப்புள்ளி இட்டால் தந்தைக்குரிய தனி வாழ்த்தாகிறது.
- தீத்து 2:13, 2 பேதுரு 1:1: "கடவுள்", "மீட்பர்" ஆகிய இரு சொற்களுக்கும் ஒரே சுட்டிடைச்சொல் வருகிறது. இத்தகைய அமைப்பு ஒருவரையே குறிக்கும் என்னும் விதியை ஆங்கிலேயர் கிரான்வில் சார்ப் 1798இல் வெளியிட்டார். இவர் அடிமை ஒழிப்பு இயக்கத்தில் பங்கேற்றவராகவும் அறியப்படுபவர்.
- 1 யோவான் 5:20: "இவரே" என்னும் சுட்டு தந்தையைக் குறிக்கிறதா மகனைக் குறிக்கிறதா என்பது விவாதத்துக்கு உரியது.

கையெழுத்துப்படிகளில் நேர்ந்த மாற்றங்கள்

இயேசுவின் இறைத்தன்மைக்கு நீண்டகாலம் சான்றாகக் காட்டப்பட்ட இரு வசனங்கள் பிற்கால மாற்றத்தால் அவ்வடிவைப் பெற்றவை என்பது இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது.

முதலாவது 1 திமொத்தேயு 3:16. "அவர் ஊனுருவில் வெளிப்பட்டார்" என்னும் பொருளுடைய பாடமே பழமையானது. இங்குள்ள "ஒஸ்" என்னும் கிரேக்கச் சொல் வட்டமும் பிறையும் போன்ற இரண்டே எழுத்துகளால் ஆனது. "தியோஸ்" என்னும் சொல்லைப் பழைய எழுத்தர்கள் சுருக்கமாக எழுதும்போது அதுவும் இரண்டே எழுத்துகள். வட்டத்தின் நடுவே ஒரு கோடு, சொல்லின் மேல் ஒரு கோடு, இவையே வேறுபாடு. இவ்விரு கோடுகளால் "அவர்" என்பது "கடவுள்" ஆகிவிடும். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியக் கையெழுத்துப்படியில் உள்ள கோடுகள் பின்னாளில் சேர்க்கப்பட்டவை எனப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சினாய் கையெழுத்துப்படியிலும் முதல் எழுத்தர் எழுதியதன்மீது பிற்காலத் திருத்தம் உள்ளது.

இரண்டாவது 1 யோவான் 5:7-8இல் தந்தை, வாக்கு, தூய ஆவி ஆகிய மூவரும் ஒன்றே எனக் கூறும் பகுதி. இது இலத்தீன் மரபில் தோன்றிப் பிற்காலத்தில் கிரேக்கத்துக்குள் வந்தது. எராசுமசு தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் இதனைச் சேர்க்கவில்லை. 1522 பதிப்பில் சேர்த்தார். அதன் வழியே பல ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளிலும் இது இடம்பெற்றது. இயற்பியலாளர் ஐசக் நியூட்டன் இவ்விரு வசனங்களும் மாற்றப்பட்டவை என வாதிட்டு 1690இல் மெய்யியலாளர் ஜான் லாக்குக்கு நீண்ட மடல் எழுதினார். அது நியூட்டனின் மறைவுக்குப் பின் 1754இலேயே அச்சானது.

இவ்விரு வசனங்களும் நீக்கப்பட்டால் கொள்கையும் விழுந்துவிடும் என்னும் அச்சம் சிலரிடமும், எதிர்பார்ப்பு வேறு சிலரிடமும் இருந்தது. ஆனால் நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் தம் விவாதங்களில் மூவர் பற்றிய இப்பகுதியைப் பயன்படுத்தவே இல்லை. இதன் துணையின்றியே நைசியாக் கொள்கை உருவாயிற்று. ஒரு வசனத்தின் உண்மைத்தன்மை வேறு, கொள்கையின் அடித்தளம் வேறு என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

தந்தைக்குக் கீழ்ப்பட்டவராகக் காட்டும் பகுதிகள்

புதிய ஏற்பாடு இயேசுவின் மனிதத்தன்மையையும் தந்தைக்குக் கீழ்ப்பட்ட நிலையையும் மறைப்பதில்லை. தம்மை நல்லவர் என்றவரிடம் கடவுள் ஒருவரே நல்லவர் என்கிறார் (மாற்கு 10:18). இறுதி நாளை மகனும் அறியார் என்கிறார் (மாற்கு 13:32). தந்தை தம்மினும் பெரியவர் என்கிறார் (யோவான் 14:28). தந்தையை ஒரே உண்மைக் கடவுள் என விளித்து மன்றாடுகிறார் (யோவான் 17:3). இறுதியில் மகனும் தந்தைக்குப் பணிவார் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 15:28). திருத்தூதர் பணிகள் 2:36, உரோமையர் 1:4 ஆகியவை உயிர்த்தெழுதலின்போதே இயேசு ஆண்டவராகவும் மகனாகவும் நிலைநாட்டப்பட்டார் எனப் பொருள்படக்கூடியவை.

இவற்றுள் இரண்டு மிக வெளிப்படையான கூற்றுகள், இயேசுவின் இறைத்தன்மையை மிகுதியாகப் பேசும் யோவான் நற்செய்தியிலேயே உள்ளன. எனவே இவ்விரு வகைக் கூற்றுகளும் வெவ்வேறு தரப்பினரால் எழுதப்பட்டு ஒன்றையொன்று மறுப்பவை என எளிதில் பிரித்துவிட இயலாது. ஒரே ஆசிரியர் இரண்டையும் சேர்த்தே கூற விரும்பினார்.

நைசியா சங்கம் வரை

இவ்விரு வகைப் பகுதிகளையும் எவ்வாறு பொருத்துவது என்னும் கேள்வியே நான்காம் நூற்றாண்டின் பெரும் விவாதமாக வெடித்தது. அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுசு, மகன் படைப்புகளில் முதன்மையானவர், ஆனால் படைக்கப்பட்டவரே என்றார். ஞானம் படைக்கப்பட்டதாகக் கிரேக்க மொழிபெயர்ப்பில் கூறும் நீதிமொழிகள் 8:22, மகனைப் படைப்பனைத்திலும் தலைப்பேறு என்னும் கொலோசையர் 1:15 ஆகியவற்றை அவர் தரப்பினர் காட்டினர். 325இல் பேரரசர் கான்சுடன்டைன் கூட்டிய நைசியா சங்கம் ஆரியுசின் கருத்தை நிராகரித்து, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என அறிவித்தது.

இதற்கு அச்சங்கம் பயன்படுத்திய "ஓமோஊசியோஸ்" என்னும் சொல் விவிலியத்தில் எங்கும் இல்லை. விவிலியச் சொற்களை மட்டும் கொண்டு இரு தரப்பினரும் தத்தம் பொருளைக் கூற முடிந்ததே இதற்குக் காரணம். சொல் விவிலியத்தில் இல்லாவிட்டாலும் பொருள் உண்டு என்பது அத்தனாசியாரின் வாதம். 381இல் கான்சுடான்டிநோபிள் சங்கம் இதனை மீண்டும் உறுதி செய்தது.

ஆய்வாளர் கருத்துகள்

இயேசுவுக்குரிய வழிபாடு எப்போது, எங்குத் தோன்றியது என்பது தற்கால ஆய்வின் மையக் கேள்வி ஆகும். யூதச் சூழலுக்கு வெளியே, கிரேக்கப் பண்பாட்டின் தாக்கத்தால் அது உருவானது என வில்கெல்ம் பூசெட் 1913இல் வாதிட்டார். முன்னிருப்புக் கருத்து யோவான் நற்செய்தியிலேயே தெளிவாக உள்ளது என்றும், பிலிப்பியர் பகுதியை ஆதாமோடு ஒப்பிட்டே வாசிக்கலாம் என்றும் ஜேம்ஸ் டன் 1980இல் கூறினார். ரிச்சர்ட் பாக்கம் (1998), லாரி உர்ட்டாடோ (2003) ஆகியோர், இவ்வழிபாடு யூத ஒரே கடவுள் நம்பிக்கைக்குள்ளேயே முதல் சில ஆண்டுகளில் எழுந்தது என்கின்றனர். பார்ட் எர்மன் 2014இல் எழுதிய நூலில், இயேசு உயிர்த்தெழுதலின்போது உயர்த்தப்பட்டார் என்பதே முதல் நம்பிக்கை என்றாலும், அவர் முன்பே இருந்தவர் என்னும் கருத்தும் பவுலிடமே உள்ளது என ஏற்கிறார்.

புதிய ஏற்பாட்டுக்கு வெளியே, ஏறத்தாழ கி.பி. 112இல் உரோம ஆளுநர் இளைய பிளினி பேரரசர் டிராஜானுக்கு எழுதிய மடல் குறிப்பிடத்தக்கது. கிறித்தவர்கள் விடியுமுன் கூடி, தெய்வத்துக்குப் பாடுவதுபோல் கிறிஸ்துவுக்குப் பாடுவதாக அவர் அறிவிக்கிறார்.

தமிழ் மொழிபெயர்ப்புகளில்

பார்த்தலோமேயு சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சானது. இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே. "தியோஸ்" என்னும் சொல்லுக்கு அவர் "சர்வேசுரன்" என்றும், பின்வந்த பப்ரிசியுசு "பராபரன்" என்றும், 1871இன் ஒருமித்த மொழிபெயர்ப்பு "தேவன்" என்றும், 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் "கடவுள்" என்றும் கையாண்டன.

மேலே கண்ட சிக்கல்கள் சில தமிழிலும் வெளிப்படுகின்றன. தமிழில் கிரேக்கத்தைப் போன்ற சுட்டிடைச்சொல் இல்லை. அதனால் யோவான் 1:1 பற்றிய விவாதம் தமிழில் அதே வடிவில் எழுவதில்லை. மாறாகத் திணை பற்றிய சிக்கல் எழுகிறது. "வார்த்தை", "வாக்கு" ஆகியவை தமிழில் அஃறிணை. எனவே முதல் வசனத்தில் "இருந்தது" போன்ற அஃறிணை முடிபைக் கொள்ளும் இவ்விரு மொழிபெயர்ப்புகளும், இரண்டாம் வசனத்தில் "அவர்" என உயர்திணைக்கு மாறுகின்றன. வாக்கு ஒரு பொருளா, ஆளா என்பதைக் கிரேக்க வாசகர் பதினான்காம் வசனம் வரை பொறுத்திருந்து அறியலாம். தமிழ் இலக்கணம் அதனை இரண்டாம் வசனத்திலேயே வெளிப்படுத்திவிடுகிறது.

1 திமொத்தேயு 3:16இல் பழைய மொழிபெயர்ப்பு "தேவன்" என்னும் எழுவாயைக் கொண்டுள்ளது. திருவிவிலியத்தில் அச்சொல் இல்லை. 1 யோவான் 5:7இன் மூவர் பற்றிய பகுதி பழையதில் உண்டு.

மறுபுறம், பழைய மொழிபெயர்ப்பு எபிரேய இறைப்பெயருக்கும் கிரேக்கக் "கிரியோஸ்" என்பதற்கும் "கர்த்தர்" என்னும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது. திருவிவிலியத்தில் "ஆண்டவர்" இரண்டுக்கும் பொதுவாகிறது. இதனால் யோவேல் நூலில் இறைவனைக் குறித்து வாசித்த அதே சொல்லை, உரோமையர் திருமுகத்தில் இயேசுவைக் குறித்தும் தமிழ் வாசகர் காண்கிறார். பவுலின் மடலைக் கேட்ட கிரேக்கம் பேசும் முதல் கிறித்தவர்கள் உணர்ந்த தொடர்பும் பெரும்பாலும் இதுவே ஆகும்.